ஒத்துப்பார்க்கச் சொன்னேன், ஒப்பேற்றச் சொல்லவில்லை

சங்கரன்கோவில் ஜவுளிக் கடைகளிலும் தறிக்கூடங்களிலும் கணக்கு எழுதும் தம்பி, தங்கச்சிகளுக்கு,

ஏப்ரல் பிறந்து பத்து நாள் ஆகவில்லை, அதற்குள் மூன்று பேர் போன் செய்துவிட்டீர்கள். மூன்று பேருக்கும் ஒரே கேள்வி. "அண்ணாச்சி, அவுட்ஸ்டாண்டிங்கும் லெட்ஜரும் ஒத்து வரமாட்டேங்கு. வித்தியாசத்துக்கு ஒரு ஜர்னல் போட்டு முடிச்சிரட்டுமா?" ஒருத்தி இன்னும் ஒரு படி மேலே போய், சஸ்பென்ஸ் என்று ஒரு லெட்ஜரைத் திறந்து வைத்துக்கொண்டுதான் போனே செய்தாள். பெயர் சொல்லமாட்டேன்.

போனில் "வேண்டாம், அப்படியே வை" என்று மட்டும் சொன்னேன். ஏன் வேண்டாம் என்பது போனில் முடிகிற பேச்சில்லை. மூன்று பேர் கேட்டால் முப்பது பேர் கேட்காமலே போட்டிருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

முதலில் அந்த ஜர்னல் என்ன செய்யும் என்று பாருங்கள். போன வருஷம் நான் பார்த்த ஒரு கணக்கையே சொல்கிறேன், எண்களைக் கொஞ்சம் மாற்றி. சண்டரி டெட்டார்ஸ் தொகுப்பின் பாக்கி 48,36,250 ரூபாய். பில்வாரியாக எடுத்த வரவேண்டிய பட்டியலின் கூட்டல் 51,12,750. வித்தியாசம் 2,76,500. அங்கே இருந்த பையன் ‘கடனாளிகள் வித்தியாசம்' என்று கடனாளிகள் தொகுப்புக்குள்ளேயே ஒரு லெட்ஜர் திறந்து, அதில் 2,76,500 பற்று வைத்து, சஸ்பென்ஸில் வரவு வைத்தான். இரண்டும் ஒத்துவிட்டது. முதலாளிக்கும் சந்தோஷம். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து, உலகத்தில் யாருமே தரவேண்டாத இரண்டே முக்கால் லட்சம் ரூபாய் அந்தக் கடையின் சொத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அதைப் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு மத்தியானம் பிடித்தது. ஒன்றரை லட்சம், ஒரு பார்ட்டி அனுப்பிய பணம். வங்கியில் வந்திருக்கிறது, ரசீதும் போட்டிருக்கிறார்கள். ஆனால் எந்தப் பில்லுக்கு என்று டேலி கேட்டபோது ‘ஆன் அக்கவுண்ட்' என்று தட்டிவிட்டார்கள். லெட்ஜரில் பாக்கி குறைந்துவிட்டது. பில் பட்டியலிலோ அந்தப் பணம் எந்தப் பில்லோடும் ஒட்டவில்லை, பில்கள் கட்டாதவையாகவே நின்றன. அடுத்து 84,000, தீபாவளிச் சரக்குக்கு ஒருவர் முன்கூட்டிக் கொடுத்தது. ‘அட்வான்ஸ்' என்று சரியாகத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் அது வரவுப் பாக்கி என்பதால், கடனாளியின் பெயரிலேயே இருந்தாலும், கொடுக்கவேண்டிய பட்டியலில் போய் உட்கார்ந்துகொண்டது. நாம் வரவேண்டிய பட்டியலை மட்டும்தானே பிரிண்ட் எடுப்போம். கடைசியாக 42,500, கறை பட்டுத் திரும்பி வந்த சேலைக்குப் போட்ட கிரெடிட் நோட். அதையும் பழைய பில்லோடு சேர்க்கவில்லை. கூட்டிப் பாருங்கள், காசு பிசகாமல் 2,76,500 வரும்.

இந்த மூன்றில் எதுவும் கூட்டல் பிழை இல்லை. டேலியில் கூட்டல் பிழை வராது. நீண்ட பேரேட்டில் கையால் எழுதிய காலத்தில் நாங்கள் வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்ப்போம். மீதியில்லாமல் வகுபட்டால் 54-ஐ 45 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. பாதியாக்கினால் வருகிற தொகை ஏட்டில் எங்காவது இருந்தால், பற்று வைக்கவேண்டியதை வரவு வைத்திருப்போம். இன்றைக்கும் ஏஜென்ட் பாக்கியைத் தனியாக எக்செலில் வைத்திருக்கிற கடைகளில் இந்த வித்தை வேலை செய்கிறது. மற்ற இடங்களில் வித்தியாசம் என்பது யாரோ சொல்லாமல் விட்ட ஒரு விஷயம். அந்த ஒன்றரை லட்சத்தில் பார்ட்டி எந்தெந்தப் பில்லை நினைத்து அனுப்பினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜர்னல் போட்டுவிட்டால் இனிக் கேட்கவும் மாட்டார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சங்கன், பதுமன் கதை தெரியாதவர் இங்கே யாரும் கிடையாது. ஒரு நாகம் சிவனே பெரியவர் என்கிறது, இன்னொன்று திருமாலே பெரியவர் என்கிறது, வழக்கு கோமதியம்மனிடம் போகிறது. நான் பார்த்தவரை எல்லாக் கணக்கு அறைகளிலும் இந்த இரண்டு பேரும் இருக்கிறார்கள். ஒருவர் லெட்ஜர் கட்சி, "பேங்க்கோட ஒத்திருக்கு, லெட்ஜர்தான் சரி" என்பார். மற்றவர் வசூலுக்குப் போகிறவர், "பில்லு கையில இருக்குல்லா, லிஸ்ட்தான் சரி" என்பார். அம்பாள் தவமிருந்துதான் இரண்டையும் ஒரே உருவமாகப் பார்த்தாள். ஒரு பாதிக்கு மறு பாதியின் சாயத்தைப் பூசி ஒத்துவிட்டது என்று சொல்லிவிடவில்லை. உவமையை இதற்கு மேல் இழுத்தால் கோவில்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். விட்டுவிடுகிறேன்.

லெட்ஜருக்கு ‘எவ்வளவு' என்பது மட்டும்தான் தெரியும். ‘எப்போதிலிருந்து' என்று சொல்வது ஏஜிங் ரிப்போர்ட். என் பழைய முதலாளி அதை ‘வயசு லிஸ்ட்' என்பார், எனக்கும் அதுவே வாயில் நின்றுவிட்டது. இப்போது உங்களில் யாரும் என்னிடம் கேட்காத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். இரண்டு கூட்டல் தொகையும் ஒரு பைசா வித்தியாசமில்லாமல் ஒத்திருக்கும்போதே வயசு லிஸ்ட் முழுப் பொய்யாக இருக்கலாம்.

எப்படி? பிப்ரவரி பில்லுக்கு வந்த பணத்தை நவம்பர் பில்லில் தட்டிவிடுங்கள். பார்ட்டி பாக்கி மாறாது, மொத்தம் மாறாது, லெட்ஜரோடு அழகாக ஒத்துப்போகும். ஆனால் நவம்பர் பில்லில் பார்ட்டி தகராறு வைத்திருக்கிறார் என்பது மறைந்துபோய், நல்லபடியாகக் கட்டிய பிப்ரவரி பில் நிலுவையில் நிற்கும். மேலே இருக்கிற பில்லைப் பார்த்து எண்டர் தட்டிக்கொண்டே போகிற பழக்கம் உங்களில் பலருக்கு இருக்கிறது. எனக்கும் இருந்தது.

எந்தப் பில் என்று பார்க்காமல் பணத்தை வரவு வைத்ததற்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். வருஷம் பல ஆகிவிட்டது. நான் வேலை பார்த்த கடையில் கேரளத்துப் பார்ட்டி ஒருவர் காட்டன் சேலை எடுத்துக்கொண்டிருந்தார். விஷுவுக்கு முன்னால் மூன்று பில்லுக்குச் சேர்த்து, டேமேஜ் கழித்து, ஒரே தொகையாக டிராப்ட் அனுப்பினார். கூடவே ஒரு துண்டுச் சீட்டில் பில் நம்பர்களும் எழுதியிருந்தார். சீட்டை டிராப்டோடு சேர்த்துப் பின் பண்ணி வங்கிக்கு அனுப்பிய கை என்னுடையது. பிறகு எந்தப் பில் என்று தெரியாமல் மொத்தமாகக் கணக்கில் வரவு வைத்தேன். ஆடி மாதம் முதலாளி வயசு லிஸ்டைப் பார்க்கிறார், அந்தப் பார்ட்டி 120 நாளைத் தாண்டி நிற்கிறார். ஆளோ ஒரு தவணை தவறாதவர். முதலாளி போனைப் போட்டுக் கொஞ்சம் சூடாகவே பேசிவிட்டார். மறுமுனையில் அவர் சத்தம் போடவில்லை. டிராப்ட் நம்பரையும் தேதியையும் மூன்று பில் நம்பர்களையும் நிதானமாக வாசித்துக் காட்டிவிட்டு வைத்துவிட்டார். அந்த ஓணத்துக்கு அவரிடமிருந்து ஆர்டர் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

முதலாளி என் மேஜையில் பார்ட்டி லிஸ்டைப் போட்டு, அறுபத்திரண்டு பேருக்கும் நானே போன் செய்து பாக்கியை பில் பில்லாக வாசித்து ஒப்புதல் வாங்கச் சொன்னார். இரண்டு வாரம் ஆனது. அறுபத்திரண்டில் பதினொரு இடத்தில் அவர்கள் சொன்னதுதான் சரி.

அந்தக் காலத்தில் வயசு லிஸ்ட் முதலாளிக்கும் வசூல்காரருக்கும் நடுவில் இருந்த தாள். இன்றைக்கு அதை வெளியில் இருப்பவர்களும் படிக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளிலிருந்து வயதை எண்ணுகிறார்கள். பெரும்பாலான கோளாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். சிசி கணக்கு வைத்திருக்கிற கடைகள் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுக்கவேண்டும். அதில் வரவேண்டிய பாக்கியில் பெரும்பாலும் 90 நாளுக்கு உட்பட்டதை மட்டும்தான் வங்கி கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதிலும் மார்ஜின் கழித்துத்தான் எடுக்கும் வரம்பு. ஆன் அக்கவுண்டில் கிடக்கிற பணம் பழைய பில்களைக் கட்டாததாகக் காட்டினால், நல்ல பார்ட்டிகூட 90 நாளைத் தாண்டியவராகிவிடுவார். சரக்கு எடுக்கவேண்டிய நேரத்தில் வரம்பு குறையும். லெட்ஜர் கூட்டலைக் கொடுத்துவிட்டு எல்லாம் 90 நாளுக்குள் என்று எழுதினால் அது வேறு விதமான வம்பு. வருஷ முடிவில் ஆடிட் ஆன கணக்கையும் உங்கள் மார்ச் ஸ்டேட்மெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வங்கியில் ஆள் இருக்கிறது.

கொடுக்கவேண்டிய பக்கம் இதைவிடச் சிக்கல். ஜிஎஸ்டியில் ஒரு விதி: சப்ளையருக்குப் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் போகாவிட்டால், அந்தப் பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பவேண்டும், வட்டியும் உண்டு. பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இங்கே எண்ணுவது பில் தேதியிலிருந்து.

அடுத்தது, 2024 மார்ச்சில் ஜவுளிச் சந்தைகளில் எல்லோர் வாயிலும் புரண்ட வருமானவரிப் பிரிவு 43பி(எச்). 2023 நிதிச் சட்டத்தில் வந்தது, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 2025-இல் புது வருமானவரிச் சட்டம் வந்து பிரிவு எண் மாறினாலும் கடைத்தெருவில் பழைய பெயர்தான் நிற்கிறது. குறு, சிறு தொழில் செய்பவரிடம் வாங்கிவிட்டு 2006-ஆம் வருஷத்து எம்எஸ்எம்இடி சட்டம் சொல்கிற காலத்துக்குள் பணம் தராவிட்டால், அந்தச் செலவைப் பணம் கொடுக்கிற வருஷத்தில்தான் கழிக்கமுடியும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் கிடையாது. நாளை எண்ணுவதோ, பில் தேதியிலிருந்து இல்லை, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. லாரி ஆபீசில் சரக்கு மூன்று நாள் கிடந்தால் பில் தேதிக்கும் அந்த நாளுக்கும் இடைவெளி விழும். சைசிங் பட்டறையிலிருந்து மார்ச் 10-இல் வேலை முடித்து வாங்கிவிட்டு, ஒப்பந்தம் ஏதும் இல்லாமல், 31-ஆம் தேதி வரை கூலி கொடுக்காமல் இருந்தால் அந்தத் தொகை முதலாளியின் லாபத்தோடு சேர்ந்து வரிக்கு வந்துவிடும். மார்ச் 20-இல் வாங்கி ஏப்ரல் 4-க்குள் கொடுத்துவிட்டால் தொந்தரவில்லை. பத்து நாள்தான் வித்தியாசம். தேதி தப்பினால், அந்தத் தொகைக்கு இந்த வருஷமே வரி கட்டவேண்டும்.

இதில் நீங்கள் குழப்பிக்கொள்கிற இடம் ஒன்று. உத்யம் சான்றிதழ் வைத்திருக்கிற எல்லோருக்கும் இது பொருந்தாது. வாங்கி விற்கிற வியாபாரிக்கு உத்யம் பதிவு இருந்தாலும், தாமதக் கொடுப்பனவுப் பாதுகாப்பு கிடையாது. அதனால் நூல் வியாபாரி ஒரு வகை, நூற்பு ஆலை இன்னொரு வகை, சைசிங்கும் சாயப்பட்டறையும் கூலித்தறியும் வேறு வகை. ஆலையிலும் அது சிறியதா, நடுத்தரமா என்று பார்க்கவேண்டும், நடுத்தரம் என்றால் இந்த விதிக்குள் வராது. உங்கள் கொடுக்கவேண்டிய பட்டியலில் இந்தக் குறிப்பு இல்லையென்றால், லெட்ஜரோடு ஒத்தாலும் அதை வைத்து ஆடிட்டர் ஒன்றும் செய்யமுடியாது. ராஜபாளையத்து நூல் பில்லையும் நம் ஊர்க் கூலிச் சீட்டையும் ஒரே ‘கிரெடிட்டார்ஸ்' மூட்டையில் கட்டிவைத்திருக்கிற கடைகள் எனக்குத் தெரிந்தே நாலைந்து உண்டு.

ஆக, ஒரே பில்லுக்கு வங்கியிடம் ஒரு வயது, ஜிஎஸ்டிக்கு ஒரு வயது, வருமானவரிக்கு ஒரு வயது. டேலியில் ஏஜிங் எடுக்கும்போது பில் தேதிப்படியா, கெடு தேதிப்படியா என்று கேட்கும். பாதிப் பேர் அந்தக் கேள்வியைப் படிப்பதே இல்லை.

யாரும் தரவேண்டாத பாக்கி சொத்தில் ஏறும் என்று சொன்னேனே, அதை வேண்டுமென்றே செய்தவர்களும் நாட்டில் உண்டு. 2009 ஜனவரி 7-ஆம் தேதி ஹைதராபாத்தில் சத்யம் கம்பெனியின் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், வங்கியில் இல்லாத பணத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அதே கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது: புத்தகத்தில் காட்டிய 2,651 கோடி ரூபாய் கடனாளிகள் பாக்கியில் 490 கோடி மிகைப்படுத்தியது. பிறகு விசாரணையில் தெரிந்தது, பொய்ப் பில்களுக்கு ஒரு குறியீடு கொடுத்து, அவை விற்பனைப் பிரிவுக்காரர்களின் கண்ணில் படாதபடி மறைத்து, நிதிக் கணக்கில் மட்டும் ஏற்றியிருந்தார்கள் என்பது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். பார்ட்டியோடு நேரில் பேசுகிறவன் கையில் பில் பட்டியல் போய்ச் சேரக்கூடாது என்று திருடனுக்கே தெரிந்திருக்கிறது. உங்கள் வயசு லிஸ்டை வசூலுக்குப் போகிறவரிடம் மாதம் ஒருமுறை கொடுங்கள். "இந்தப் பார்ட்டி கடையை மூடி எட்டு மாசமாச்சே" என்று அவர்தான் சொல்வார், கம்ப்யூட்டர் சொல்லாது.

மாதம் ஒருமுறை என்றேன். ஐந்தாம் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தாளையும் ஒரே நாளில், ஒரே முடிவுத் தேதிக்கு எடுங்கள். 31-ஆம் தேதி எடுத்த லிஸ்டையும் பத்தாம் தேதி எடுத்த லெட்ஜரையும் வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஒரு தம்பிக்கு, நடுவில் முதலாளி மகன் பழைய தேதியிட்டுப் போட்ட நாலு ரசீது இருந்தது தெரியாது. எல்லாப் பார்ட்டிக்கும் பில்வாரிக் கணக்கு ‘எஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். ஒன்று ‘நோ' என்று இருந்தால் அவர் வயசு லிஸ்டிலேயே வரமாட்டார். டெட்டார்ஸில் இருக்கவேண்டியவரை வேறு தொகுப்பில் திறந்துவைத்திருக்கிறீர்களா பாருங்கள். ஆன் அக்கவுண்டை ஒவ்வொன்றாகப் பிரித்து, தெரியாததற்கு பார்ட்டிக்குப் போன் செய்யுங்கள். வாங்கிய பக்கம், பதினாலாம் தேதி ஜிஎஸ்டியில் 2பி வந்ததும் அதை எடுத்து, அவர்கள் ஏற்றியிருந்தும் நாம் பதியாத பில் எது என்று பாருங்கள். அந்தப் பில் உங்கள் லெட்ஜரிலும் இருக்காது, லிஸ்டிலும் இருக்காது. இரண்டும் ஒத்தே இருக்கும், இரண்டுமே தப்பாக.

தேடியும் பிடிபடாத வித்தியாசம் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். மிஞ்சட்டும். ஒரு தாளில் தொகையை எழுதி, எதுவரை தேடினோம் என்று குறித்து, ஃபைலில் வையுங்கள். அடுத்த மாதம் அதே தொகை அப்படியே நின்றால் பழைய வித்தியாசம், மாறியிருந்தால் புதிதாக ஏதோ சேர்ந்திருக்கிறது. ஜர்னல் போட்டுவிட்டால் இந்தத் தடயமும் போய்விடும்.

இன்னொன்று சொல்லவேண்டும். கொஞ்சம் வெட்கமான கதை.

கூலித்தறிக்காரர் ஒருவருக்கு ஆடித்தபசு நேரத்தில் முதலாளி 45,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார். நான் அதை அவர் கணக்கில் பற்று வைத்தேன், ஆனால் கூலிச் சீட்டுகளோடு சேர்க்கவில்லை. புரட்டாசியில் பட்டியல் எடுத்தபோது அவருக்கு 63,400 பாக்கி என்று காட்டியது. லெட்ஜரைத் திறந்திருந்தால் 18,400 என்று இருந்திருக்கும். நான் திறக்கவில்லை. லிஸ்டைப் பார்த்து 63,400-க்கு செக் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டேன். மனிதர் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்கழியில்தான் கண்டுபிடித்தேன். கேட்டபோது அவர் அசரவில்லை. "தீவாளிக்கு முன்பணம் தாரீயன்னுல்லா நெனச்சேன்" என்றார். சட்டைப்பையிலிருந்து வியர்வையில் ஊறிய ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து விரித்தார். பென்சில் எழுத்து. பாவு வாங்கிய நாள், சேலை கொடுத்த நாள், ஒவ்வொரு சீட்டுக்கும் நேரே கழித்த தொகை. தபசன்று 45,000. அதற்குக் கீழே எந்தெந்தச் சீட்டில் அது கழிகிறது என்று நாலு வரி. செக் வாங்கிய அன்று, ‘கூடுதல் 45,000 - முதலாளி முன்பணம்' என்று தனியாக.

அவர் நோட்டும் எங்கள் லெட்ஜரும் ரூபாய்க்கு ரூபாய் ஒத்தன. முதலாளி நோட்டை வாங்கி இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "இத ஒரு பிரதி எடுத்துக்கிடும். லிஸ்ட் எப்படிப் போடணும்னு பாரும்" என்றார். பணம் ஆறு மாதக் கூலியில் கழிந்தது. அந்த ஜெராக்ஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. மை வெளுத்துவிட்டது, எண்கள் தெரிகின்றன.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன். போன் செய்த மூன்று பேரும் வாருங்கள், செய்யாதவர்களும் வரலாம். இரண்டு தாளும் ஒரே தேதிக்கு எடுத்தவையாக இருக்கட்டும். சஸ்பென்ஸ் திறந்துவைத்திருக்கும் தங்கச்சி, அதை அழித்துவிட்டு வா.

அன்புடன்,
உங்கள் கணக்கு அண்ணாச்சி
சங்கரன்கோவில்